கால்களைச் சேர்த்துத் தூங்கிய பிள்ளைகள்

நான் வேலையை விட்ட அன்று மேலூரில் ஒரு சின்னக் கூட்டம் வைத்துச் சால்வை போட்டார்கள். பிறகு மைக்கை என் கையில் கொடுத்து, "புதுசா சேந்துருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றார்கள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கை தட்டினார்கள்.

முன் வரிசையில் நீங்கள் பதினோரு பேர் நோட்டும் பேனாவுமாக இருந்தீர்கள். ஒருத்தி நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். அந்த ஒரு வரியைப் படித்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் வெட்கமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதித் தருகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாளில் நான் அங்கன்வாடி உதவியாளர். ஊரில் ஆயா. மேலூருக்கும் கொட்டாம்பட்டிக்கும் நடுவில், நான்குவழிச் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் இருபத்தாறு வருடம் இருந்தேன். முழங்கால் மடங்க மறுத்ததும் வயது முடியும் முன்பே ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சமையல் அளவு, எடை போடுவது, பதிவேடு எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். ஒரு பிள்ளை அடிக்கும்போது, கடிக்கும்போது, கத்தும்போது நம் மனசு அதற்கு உடனே ஒரு பேர் வைத்துவிடும் பாருங்கள், அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ ஒரு குண்டுப் பையன் வந்தான். காலையில் சிரித்த முகம். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் யார் இருந்தாலும் தள்ளுவான், தட்டை எறிவான். "கொழுப்புக்கா, நாலு சாத்துங்க" என்று அவன் அம்மாவே சொல்லுவாள். ஒரு நாள் சட்டையில் சாம்பார் கொட்டியதால் கழற்றினேன். அரைஞாண் கயிறு வயிற்றில் பள்ளம் பறித்துப் புதைந்திருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது கட்டியது. பையன் வளர்ந்துவிட்டான், கயிறு வளரவில்லை. வெறும் வயிற்றோடு வரும்போது ஒன்றும் தெரியாது, சாப்பிட்டதும் இறுக்கும். கயிற்றை மாற்றித் தளர்வாகக் கட்டினோம், சண்டை நின்றது. "கொழுப்பு ஒம் புள்ளைக்கு இல்லத்தா, அந்தக் கயித்துக்குத்தேன்" என்றேன். அவன் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பேர் வந்தது. முரண்டு பிடிக்கிற பிள்ளை என்றால் என்னிடம் கொண்டு வருவார்கள். காது, பல், வயிறு, ஜட்டி எலாஸ்டிக், செருப்பு வார் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பாதிக்கு மேல் ஏதாவது கிடைக்கும். கொஞ்சம் தலைக்கனமும் கூடவே வந்தது. உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் அது திமிர்தான் என்று முடிவு கட்டுகிற பழக்கமும் வந்தது. யாழினி வந்தபோது அந்தப் பழக்கம் எனக்கு நன்றாக ஊறியிருந்தது.

யாழினிக்கு மூன்றரை வயது. அவள் அம்மா செல்வி எங்கள் ஊர்ப் பெண்தான். பேரையூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மஞ்சள் காமாலையில் புருஷன் போன பிறகு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் அப்பா அம்மா விட்டுப்போன பழைய வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டில் வேறு யாருமில்லை. மேலூரில் முறுக்கு பாக்கெட் போடுகிற இடத்தில் வேலை கிடைத்தது. காலையில் எங்களிடம் விட்டுவிட்டுப் பஸ் பிடிப்பாள், சாயங்காலம் வந்து கூட்டிப்போவாள்.

யாழினி அமைதியான பிள்ளை. பாட்டுப் பாடினால் வாய் மட்டும் அசையும். முட்டையில் மஞ்சளை முதலில் தின்றுவிட்டு வெள்ளையை வைத்து விளையாடுவாள். மத்தியானம் வரைக்கும் அவள் இருக்கிற இடம் தெரியாது.

மத்தியானத் தூக்கம்தான் எங்கள் மையத்தில் என் பெருமை. பதினெட்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் படுக்க வேண்டும். தலை சுவரோரம், கைகள் பக்கவாட்டில், கால் இரண்டும் ஒட்டி நேராக, கழுத்துவரை போர்வை. ஒருமுறை பார்வையிட வந்த மேடம், "நூல் புடிச்ச மாதிரி இருக்கே ஆயாம்மா!" என்று போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்த ஒரு வார்த்தையை ரொம்ப நாள் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரிசையைத்தான் யாழினி கலைத்தாள். எல்லாரும் கண் அசந்ததும் எழுந்துவிடுவாள். போர்வையை உருவுவாள். கால் பெருவிரலைப் பிடித்து ஒரு காலை இந்தப் பக்கமும் மறு காலை அந்தப் பக்கமுமாக இழுப்பாள். "ஏய்! எந்திரி! எந்திரி!" என்று காது கிழியக் கத்துவாள். ஒன்று அழும், அதைப் பார்த்து இன்னொன்று அழும். ஐந்து நிமிடத்தில் மையமே சந்தைக்கடை ஆகிவிடும்.

காதைப் பார்த்தேன், வயிற்றைப் பார்த்தேன், பூச்சி மருந்து கொடுத்தேன். ஒன்றும் இல்லை. பக்கத்தில் படுக்கவைத்துப் பார்த்தேன், நழுவிவிடுவாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் முதுகில் ஒன்று வைத்தேன். அழவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே அடுத்த பிள்ளையின் காலடிக்குப் போனாள். அடித்தும் அடங்காத பிள்ளை என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை கவின் என்ற பையனின் கால் நகம் பெயர்ந்து ரத்தம் வந்துவிட்டது. மறுநாள் காலையில் அவன் அம்மா இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தாள்.

"ஆயாக்கா, இங்க புள்ள வளக்குறீகளா, கொரங்கு வளக்குறீகளா?"

எங்கள் மையத்து டீச்சர்தான் முன்னே வந்தார். "மொதல்ல புள்ள காலக் காட்டுங்க. மருந்து போட்டாச்சா?"

"அதெல்லாம் போட்டாச்சு டீச்சர். எம்புட்டு நாளைக்குப் பொறுக்குறது? வீட்டுல வந்து தூங்க மாட்டேங்குறான். கண்ண மூடுனா யாழினி வந்துருவாளாம். பேய்க்குப் பயப்படுற வயசுல இவளுக்குப் பயப்படுறான்."

கூட வந்த ஒருத்தி, "ஒண்ணு அந்தப் புள்ளைய நிப்பாட்டுங்க. இல்ல எங்க புள்ளைகள நாங்க நிப்பாட்டிக்கிறோம்" என்றாள்.

"வர்ற திங்கக்கிழமை அம்மாமார் கூட்டம் இருக்கு. அன்னைக்கு முடிவு பண்ணுவோம்" என்றார் டீச்சர்.

"திங்கக்கிழமை. அம்புட்டுத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கவின் அம்மா போனாள்.

சாயங்காலம் செல்வியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பாதி சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நிப்பாட்டிட்டா நான் எங்கக்கா போவேன்? பேரையூர்ல மாமியா தெனமும் போன் போடுது. புள்ளைய அனுப்பிட்டு நீ நிம்மதியா வேல பாருன்னு. ஒருக்கா அனுப்புனா திரும்பி எங்கிட்ட வருமா?"

அந்தப் பெண்ணிடம் மிச்சம் இருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

இனி நான் சொல்வது என் தப்பு. மறைக்காமல் எழுதுகிறேன்.

புதன்கிழமை டீச்சருக்கு மேலூரில் கூட்டம். நான் மட்டும் இருந்தேன். இன்றைக்கு எந்தப் பிள்ளை மேலும் யாழினி கை படக்கூடாது, பட்டால் திங்கட்கிழமை அவளுக்காக ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது. எனக்கு அது ஒன்றே எண்ணம். அவளைக் காப்பாற்றத்தான் செய்கிறேன் என்றே நினைத்தேன். பானை இறக்க அடுப்படியில் பழைய வேட்டித்துணி வைத்திருப்பேன். அதில் ஒரு நீளம் கிழித்து, அவளைப் படுக்கவைத்து, கால் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். இறுக்கவில்லை, ஒரு விரல் உள்ளே போகும். "செத்த நேரம் படு தாயி, அவுத்து விடுறேன்" என்றேன்.

கத்துவாள், உதறுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. கைகள் சும்மாதான் இருந்தன, நினைத்தால் தானே அவிழ்த்திருக்கலாம். அந்தக் கைகளை எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

இம்புட்டுத்தானா, இதை முன்னாலேயே செய்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போனேன்.

சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எட்டிப் பார்த்தேன். மற்ற பிள்ளைகளில் ஒன்று புரண்டது, ஒன்று காலைச் சொறிந்தது, ஒன்று வாயைச் சப்பியது. இவள் மட்டும் வைத்தது வைத்தபடி கிடந்தாள். தூங்குகிற பிள்ளை அப்படிக் கிடக்காது. கிட்டே போனேன். பாய் நனைந்திருந்தது. இமை இரண்டும் துடித்துக்கொண்டிருந்தன.

"யாழினி."

கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "ஆயா, என்னைய எப்ப தூக்கிட்டுப் போவாக?"

முடிச்சு சின்னதுதான். என் விரலுக்கு அது பிடிபடவே இல்லை. எப்படியோ உருவி எறிந்துவிட்டு அவளை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டேன். "யாரு தூக்குவா? ஒன்னைய யாரும் தூக்க மாட்டாக தாயி." அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் டீச்சர் வந்ததும் சொன்னேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம், பார்த்தவர் யாருமில்லை. ஆனால் அந்தக் கேள்வியை எனக்குள் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரிக்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை.

டீச்சர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். போனில் வருகைப் பதிவு ஏற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ டீச்சர்மாருடன் வேலை பார்த்திருக்கிறேன். அந்த நொடியில் அவர் இருந்த மாதிரி இருக்க எல்லாராலும் முடியாது. கத்தவும் இல்லை, பரவாயில்லை என்று தட்டிக்கொடுக்கவும் இல்லை.

"கட்டுனது தப்புக்கா. அதைப் பெறகு பேசுவோம். அவ என்ன கேட்டா, இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன்.

"அவ யார் காலப் புடிச்சு இழுக்குறா, யார விட்டுட்டுப் போறா, என்னைக்காச்சும் கவனிச்சிருக்கீகளா?"

"கவனிக்க எங்க டீச்சர் நேரம்? ஓடிப்போயிப் புடிக்கத்தேன் நேரம் இருக்கு."

"இன்னைக்குப் புடிக்க வேணாம். நான் அவ பக்கத்துலயே நிக்கிறேன். நகத்துல கை வச்சா நான் தடுத்துக்கிறேன். நீங்க அந்த மூலையில ஒக்காந்து பாருங்க. வேற ஒண்ணும் செய்யாதீக."

உங்களுக்கு இது சின்ன யோசனையாகத் தோன்றலாம். மூன்று மாதம் தினமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததாக நான் நினைத்திருந்தேன். பார்த்தது அவள் கையைத்தான். அது எங்கே போகிறது, எங்கே போகாமல் இருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

மத்தியானம் படுக்கவைத்தோம். பிள்ளைகள் கண் அசந்தார்கள். யாழினி எழுந்தாள்.

முதல் பிள்ளை நான் கிடத்தியபடி நேராக இருந்தது. போர்வையை விலக்கினாள், கால்களைப் பிரித்தாள், "எந்திரி!" என்று கத்தினாள். அடுத்ததும் நேராக இருந்தது, அதையும் பிரித்தாள். மூன்றாவது பையன் தூக்கத்தில் திரும்பிப் பக்கத்துப் பிள்ளையின் வயிற்றில் முழங்காலைப் போட்டிருந்தான். அவனை விட்டுவிட்டாள். அதுமட்டுமா, நழுவிக் கிடந்த போர்வையை எடுத்து அவன் இடுப்பில் போட்டுவிட்டுப் போனாள். நான்காவது நேராக இருந்தது, பிரித்தாள். ஐந்தாவது தவளை மாதிரி காலை விரித்துக் குப்புறக் கிடந்தது, தாண்டினாள்.

அப்புறம் கவினிடம் வந்தாள். அவன் ஒருக்களித்துக் காலை மடக்கிக் கிடந்தான். நகம் பெயர்ந்த பெருவிரலில் வெள்ளைத்துணி சுற்றியிருந்தது. எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல் இருந்தது. டீச்சர் கையைக் காட்டி உட்கார வைத்தார். யாழினி குனிந்தாள். அந்தத் துணியை ஒரு விரலால் தொட்டாள். துணி மறு காலோடு சேர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். ஒரு காலில் மட்டும்தான் என்று தெரிந்ததும் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கை பக்கவாட்டில், கால் இரண்டும் சேர்ந்து, கழுத்துவரை மூடி, நேராகக் கிடத்துவது யாரை? பெருவிரல் இரண்டையும் வெள்ளைத்துணியால் சேர்த்துக் கட்டுவது யாருக்கு? எத்தனை இழவு வீட்டுக்கு நானே போய் நின்றிருக்கிறேன். பதினெட்டுப் பிள்ளைகளை வருடக்கணக்காக அப்படிக் கிடத்திவைத்து, அதை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றரை வயசுப் பிள்ளை கண்டதை நான் காணவில்லை.

சாயங்காலம் செல்வியை உட்காரவைத்துக் கேட்டோம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு வீடு நெறைய சனம். இவ உள்ள வந்து அப்பா அப்பான்னுச்சு. அப்பா தூங்குறாரு பாப்பா, சத்தம் போடக் கூடாதுன்னு யாரோ சொன்னாக. எங்கிட்ட வந்து அப்படியாம்மான்னு கேட்டுச்சு. ஆமான்னுட்டேன்க்கா. எனக்கு அந்நேரம் வேற ஒண்ணும் வாயில வரல. அவுக காலுகிட்டப் போயி ஒக்காந்துக்கிட்டு பெருவெரல்ல கட்டுன வெள்ளத்துணியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அழுதவுகளப் பாத்து வாயில வெரல வச்சு உஸ், உஸ்ஸுங்குது. அதப் பாத்து இன்னும் அழுதாக. இம்புட்டு அடக்கமான புள்ளையான்னு வந்தவுகல்லாம் சொன்னாக. அப்பறம்..."

அப்புறம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதை அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சத்தம் போடாதே என்றார்கள், அவள் போடவில்லை. கட்டிய காலை யாரும் அவிழ்க்கவில்லை, அவளும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள். அப்பா போய்விட்டார். அப்படியானால் இனிமேல் என்ன செய்ய வேண்டும்? சத்தம் போட வேண்டும், காலைப் பிரிக்க வேண்டும். அவள் கணக்கு அவ்வளவுதான். திட்டினார்கள், முதுகில் அடித்தார்கள், மற்ற பிள்ளைகள் கூட விளையாட வரவில்லை. அத்தனையும் பொறுத்துக்கொண்டு ஒவ்வொரு மத்தியானமும் பதினேழு பேரைப் போகவிடாமல் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வாழ்க்கையில் தைரியசாலிகளைப் பார்த்ததில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்த எனக்கு ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. அதற்கு நான் வைத்த பேர் திமிர்.

"நீங்கதான் அவகிட்டச் சொல்லணும்" என்றார் டீச்சர்.

செல்வி தலையை ஆட்டினாள். "எப்படி டீச்சர்? செத்துட்டாருங்குற வார்த்தைய நானே இன்னும் வாய்விட்டுச் சொல்லல."

வெள்ளி, சனி, ஞாயிறு போயின. அவளால் சொல்ல முடியவில்லை. மறுநாளே நான் பிள்ளைகளை இஷ்டம்போல் படுக்க விட்டுவிட்டேன். யாழினி இழுப்பது குறைந்தது. ஆனாலும் தூங்கவில்லை. எந்தப் பிள்ளையாவது தூக்கத்தில் காலைச் சேர்த்துவிடுமோ என்று காவல் இருந்தாள்.

திங்கட்கிழமை கூட்டத்துக்குப் பதினான்கு அம்மாமார் வந்தார்கள். செல்வி அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கதவோரம் நின்றாள். கவின் அம்மா ஆரம்பித்தாள். "டீச்சர், பேச்ச வளக்க வேணாம். அந்தப் புள்ள இருக்குமா, இருக்காதா?"

டீச்சர் வாயைத் திறக்கும் முன்னால் நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆயா பேசி யாரும் கேட்டதில்லை.

"நான் அந்தப் புள்ள காலக் கட்டிப் போட்டேன்" என்றேன்.

யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. முன்னே பின்னே இல்லாமல் சொன்னேன். நான் படுக்கவைத்த வரிசை, வேட்டித்துணி, அவள் கேட்ட கேள்வி, கவின் விரலில் இருந்த துணியை அவள் தடவிப் பார்த்தது, அப்பா தூங்குகிறார் என்று அவளிடம் சொன்னது எல்லாம் சொன்னேன். "இந்தக் கத அவ அம்மாவக் கேட்டுட்டுத்தேன் சொல்றேன். கவின் நகம் போனதுக்குத் தப்பு எம்மேல. நிப்பாட்டுறதா இருந்தா என்னைய நிப்பாட்டுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கவின் அம்மாதான் முதலில் பேசினாள். குரலில் பழைய வேகம் இல்லை.

"எங்க மாமனார் செத்தப்ப இவங்கிட்டயும் அதத்தேன் சொன்னோம். தாத்தா தூங்குறாருன்னு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அதுலருந்துதேன் இவன் ராத்திரில வெளக்க அமத்த விடமாட்டேங்குறான். நான் டிவியப் பாத்துக் கெட்டுட்டான்னு அடிச்சேன்" என்றாள்.

"எங்க வீட்லயும் சொன்னோம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கவின் அம்மா திரும்பிச் செல்வியைப் பார்த்தாள். "ஏத்தா, அங்கயே நிக்கிற? உள்ள வந்து ஒக்காரு. ஒன் புள்ளைய யாரு என்ன சொன்னா இப்ப?" கேட்டது அவள். சொன்னதும் அவளேதான். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள்.

எல்லாரும் போன பிறகு, விளையாட்டுச் சாமான் மூலையில் செல்வி யாழினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அரிசி புடைக்கிற சாக்கில் அடுப்படியில் நின்றேன். அவள் பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு செல்வி சொன்னாள்.

"பாப்பா, அப்பா அன்னைக்குத் தூங்கல. அம்மா தப்பாச் சொல்லிட்டேன். அப்பா செத்துப் போயிட்டாரு."

"செத்துப் போனா?"

"மூச்சு நின்னுரும். பெறகு வராது. தூங்குறவுகளுக்கு மூச்சு வரும். இங்க பாரு, அம்மா மூக்குல வெரல வையி. வருதா?"

"வருது."

"அப்பாவுக்கு வரல."

யாழினி யோசித்தாள். "நான் சத்தம் போட்டிருந்தா?"

"போட்டிருந்தாலும் எந்திரிச்சிருக்க மாட்டாரு தாயி."

"கால அவுத்திருந்தா?"

"அவுத்திருந்தாலும்."

பிறகு செல்வி அழுதாள். யாழினி வாயில் விரலை வைத்து உஸ் என்று சொல்லவில்லை. அழட்டும் என்று மடியிலேயே இருந்தாள். செல்வியின் மனத்திடத்தை என்னவென்று சொல்ல? தனக்கே சொல்லிக்கொள்ள முடியாத வார்த்தையைப் பிள்ளைக்காக முதல்முறை வாய்விட்டுச் சொன்னாள்.

அன்று மத்தியானமும் யாழினி எழுந்தாள். நான் மூலையிலேயே இருந்தேன். யார் காலையும் அவள் தொடவில்லை. தலைமாட்டுக்குப் போனாள். ஒவ்வொரு பிள்ளையின் மூக்கடியிலும் விரலை வைத்தாள். "வருது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த பிள்ளைக்குப் போனாள். கவினிடம் மட்டும் இரண்டு முறை வைத்துப் பார்த்தாள். பதினேழையும் முடித்துவிட்டுத் தன் பாயில் வந்து படுத்தாள். எங்கள் மையத்துக்கு வந்து அன்றைக்குத்தான் முதல் தடவை தூங்கினாள். அதன் பிறகு ரொம்ப நாள் இந்தச் சுற்று நடந்தது. சுற்று முடியாமல் படுக்க மாட்டாள், நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

நூல் பிடித்த வரிசை அதன் பிறகு எங்கள் மையத்தில் இல்லை. அடுத்த முறை வந்த மேடம், "என்ன ஆயாம்மா, சந்தை மாதிரி கெடக்கு?" என்று கேட்டார். "அப்படித்தான் மேடம் தூங்குவாக" என்றேன். படம் எடுக்காமல் போய்விட்டார்.

யாழினிக்குச் சொன்ன மருந்து எல்லாப் பிள்ளைக்கும் ஆகாது. ஒன்றுக்கு அரைஞாண் கயிறாக இருக்கும், ஒன்றுக்கு வேறெதுவோ இருக்கும். உங்களிடம் வருகிற பிள்ளைக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. அது யாரை அடிக்கிறது என்று பார்க்கும்போது யாரை விட்டுவிடுகிறது என்றும் பாருங்கள். எத்தனை மணிக்கு, எதைப் பார்த்ததும் என்று பாருங்கள். அதன் உடம்பில் தேடுங்கள், வீட்டில் தேடுங்கள். நீங்கள் பெருமைப்படுகிற உங்கள் பழக்கத்திலும் ஒருமுறை தேடுங்கள். தப்புச் செய்துவிட்டால் மறுநாள் காலையிலேயே சொல்லிவிடுங்கள். நான் அந்த வியாழக்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளை இன்றைக்குப் பேரையூரில் இருந்திருக்கும்.

நான் வேலையை விடுவதற்குச் சில வாரம் முன்பு, ஒரு மத்தியானம் முழங்கால் வலி தாங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே வெறும் தரையில் காலை நீட்டிச் சாய்ந்தேன். வேலை நேரத்தில் நான் படுத்ததே இல்லை. எப்போது அசந்தேன் என்று தெரியவில்லை. மூக்கடியில் ஏதோ இளஞ்சூடாகப் பட்டு விழிப்பு வந்தது. சின்ன விரல், முட்டை வாசனை.

நான் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சை மட்டும் கொஞ்சம் பலமாக விட்டேன்.

"ஆயாவுக்கு வருது" என்றது குரல். பிறகு என் பக்கத்தில் பாய் விரிகிற சத்தம் கேட்டது.